கொம்பா, சூக்கின் பிள்ளை அல்ல

ஹைட்டியின் கொம்பா இசை, கரீபியக் கடலின் பிரெஞ்சுத் தீவுகளான குவாதலூப், மார்த்தினிக்கின் சூக் இசையிலிருந்து பிறந்தது என்றொரு தகவல் சுற்றி வருகிறது. தவறு, தலைகீழாகச் சொல்லியிருக்கிறார்கள். சாக்ஸபோன் கலைஞர் நெமூர் ஜான்-பத்தீஸ்த் கொம்பாவை உருவாக்கியது 1955-இல். சூக்கை உலகறியச் செய்த கஸ்ஸாவ் இசைக்குழு தொடங்கியதே 1979-இல்தான்.

ஹைட்டியின் பழைய மெராங் நடனத் தாளத்தை எடுத்து, கையால் தட்டும் தம்பூ மேளமும் மாட்டுமணியும் விடாமல் ஒலிக்க, ஆட்டத்துக்கு இதமாக ஓடவிட்டார் நெமூர். அண்டை டொமினிக்கன் குடியரசின் மெரெங்கே நடன இசையும் அவருக்கு உரமானது. ஆகவே கலப்பற்ற ஹைட்டி இசை என்று மார்தட்டுவதும் மிகைதான். குவாதலூப், மார்த்தினிக் தீவுகளில் ஹைட்டியின் கொம்பா குழுக்கள் பல ஆண்டுகள் மேடையேறி ரசிகர்களை ஈர்த்தன. சூக் வந்தது அதன் பிறகே.