அகுஸ்தீன் சாட்சியில் நாம் சொல்லாமல் விடும் 44 வருஷம்

கிறிஸ்தவக் கன்வென்ஷன் கூட்டங்களுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு, பழங்காலத் திருச்சபையின் பெரிய போதகரான அகுஸ்தீன் மனந்திரும்பிய கதை மனப்பாடம். தாய் மோனிக்கா கண்ணீரோடு ஜெபித்தது, மகன் தன் போக்கில் திரிந்தது, 386-ல் மிலான் நகரத்துத் தோட்டத்தில் "எடுத்து வாசி, எடுத்து வாசி" என்று ஒரு பிள்ளையின் குரல் கேட்டது, ரோமர் 13-ஆம் அதிகாரம் கண்ணில் பட்டது, அடுத்த வருஷம் ஈஸ்டருக்கு மிலான் பிஷப் அம்புரோஸ் கையால் ஞானஸ்நானம். அத்தோடு பிரசங்கியார் வேதத்தை மூடிவிட்டு அர்ப்பணிப்பு ஜெபத்துக்கு அழைத்துவிடுவார்.

அந்தத் தோட்டத்துக்குப் பிறகு அவர் 44 வருஷம் உயிரோடு இருந்தார். பாவத்தோடு தினமும் மல்லுக்கு நிற்கிற ஒருவருக்கு அந்த 44 வருஷத்தில்தான் ஆறுதல் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

ஞானஸ்நானம் எடுத்து ஏறக்குறைய பத்து வருஷம் ஆனபிறகு, வட ஆப்பிரிக்காவின் ஹிப்போவில் பிஷப்பாக இருந்துகொண்டுதான் அவர் தன் வாழ்க்கையை 'அறிக்கைகள்' என்று எழுதுகிறார். அதில் பத்தாம் புத்தகத்துக்கு வந்தால் பழைய கதை முடிந்துவிடும். இன்றைக்கு என் நிலைமை என்ன என்று ஆரம்பிக்கிறார். விழித்திருக்கும்போது தான் ஜெயித்த இச்சை கனவில் வந்து தன்னை ஜெயித்துவிடுகிறது என்கிறார். உடம்புக்காகச் சாப்பிடுகிறோமா ருசிக்காகச் சாப்பிடுகிறோமா என்று பல நேரம் தெரியவில்லை என்கிறார். ஆராதனையில் பாட்டின் பொருளைவிட ராகம் மனதை இழுத்துவிட்டால் அதையும் பாவம் என்றே எண்ணி வருந்துகிறார். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு பல்லி ஈயைப் பிடிப்பதையும், சிலந்தி தன் வலையில் விழுந்த பூச்சியைச் சுற்றிக் கட்டுவதையும் பார்த்துக்கொண்டே கவனம் போய்விடுகிறதாம். (இன்றைக்கு நமக்கு அந்தப் பல்லியின் இடத்தில் கைபேசி இருக்கிறது.) அப்புறம் புகழ்ச்சி. அதுதான் அவரை அதிகமாகப் படுத்தியிருக்கிறது. புகழை வெறுக்கிறேன் என்று சொல்லிக்கொள்வதிலேயே ஒரு பெருமை வந்து உட்கார்ந்துகொள்கிறது என்று எழுதுகிறார்.

ஒரு பிஷப், பதவியில் இருக்கும்போதே, தன் மக்கள் வாசிக்கும்படி எழுதியது இது. நம் சபைகளில் இப்படி ஒரு சாட்சியை யாராவது கேட்டிருக்கிறீர்களா?

இன்னொன்றும் சொல்லவேண்டும். "நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்" என்கிற ரோமர் 7-ஆம் அதிகாரத்தை அகுஸ்தீன் முதலில் கிருபைக்கு வெளியே இருக்கிறவனுடைய புலம்பல் என்றுதான் புரிந்துகொண்டிருந்தார். வயதான காலத்தில், மனுஷன் தன் சொந்த முயற்சியாலேயே பாவமில்லாமல் வாழமுடியும் என்ற பெலாகியுவின் போதனையை எதிர்த்து எழுதியபோது, அந்தக் கருத்தை மாற்றிக்கொண்டார். பவுல் தன்னைப் பற்றியே சொல்லுகிறார் என்ற முடிவுக்கு வந்தார். வேத பண்டிதர்கள் இதில் இன்றும் இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். நான் வயதான அகுஸ்தீன் பக்கம். பாவத்தில் செத்துக் கிடக்கிறவன் "நிர்ப்பந்தமான மனுஷன் நான்!" என்று கதறமாட்டான். கதறுகிறவனுக்குள் ஆவியானவர் வேலை செய்துகொண்டிருக்கிறார்.

430-ல் அவர் காய்ச்சலில் படுத்தபோது ஹிப்போவை வாண்டல்கள் என்கிற ஜெர்மானியப் படையினர் முற்றுகையிட்டிருந்தார்கள். தாவீதின் மனந்திரும்புதல் சங்கீதங்களை எழுதி எதிர்ச் சுவரில் மாட்டச் சொல்லி, படுக்கையில் இருந்தபடியே வாசித்து அழுதார் என்று கூடவே இருந்த நண்பர் பொசிதியு எழுதி வைத்திருக்கிறார். அப்போது வயது 75. ஞானஸ்நானம் எடுத்து 43 வருஷம் ஆகியிருந்தது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், எங்கள் பக்கத்து சபையில் இருந்த ஒரு தம்பி. லாரி ஓட்டுகிறவர். குடியை விட்டார், ஞானஸ்நானம் எடுத்தார். சபையில் அவரை மேடைக்கு ஏற்றி சாட்சி சொல்ல வைத்தார்கள், "அல்லேலூயா" என்று கை தட்டினார்கள். சில மாதம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் மறுபடியும் குடித்துவிட்டார். அடுத்த ஞாயிறு வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. பின்மாற்றத்தில் போய்விட்டார் என்று சொல்லி அவர் பெயரை ஜெபக்குறிப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். அதை அவருடைய மச்சானே அவருக்குக் காட்டினார். அதற்குப் பிறகு யார் கூப்பிட்டும் அவர் வரவில்லை.

அவரை சபையிலிருந்து பிரித்தது அந்த ஒரு ராத்திரிக் குடி என்று நான் நினைக்கவில்லை. குடித்த மறுநாள் வந்து நிற்க அங்கே இடம் இல்லை. ஜெயித்து முடித்தவனுக்கு மைக் உண்டு, போராடிக்கொண்டு இருக்கிறவனுக்கு ஒரு நாற்காலி கூடக் கிடையாது.

அப்பமும் ரசமும் எடுக்கிற திருவிருந்து ஞாயிறன்று பாருங்கள். மனதில் குத்தல் உள்ளவர்கள்தான் எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பார்கள். "தகுதியில்லாமல் எடுத்தால் ஆக்கினை" என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்த பயம். ஆனால் 1 கொரிந்தியர் 11:28 சொல்வது என்ன? "எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்." சோதித்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போ என்று பவுல் எழுதவில்லையே. காய்ச்சல் விட்டபிறகு டாக்டரிடம் போகலாம் என்று யாராவது காத்திருப்போமா?

பேதுருவிடம் ஆண்டவர் பேசியதை நினைத்துப் பாருங்கள். "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்கிறார். சேவல் கூவுவதற்கு முன்னால் தம்மைத் தெரியாது என்று பேதுரு மறுதலிப்பான் என்று தெரிந்தேதான் சொல்கிறார். மறுதலிக்காதபடிக்கு வேண்டிக்கொண்டேன் என்று சொல்லவில்லை. "நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து" என்று, விழுவதற்கு முன்பே அவனுக்கு ஒரு வேலையும் கொடுத்து வைக்கிறார்.

அப்படியானால் பாவம் செய்துகொண்டே இருக்கலாமா என்று கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான். "கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா? கூடாதே" என்று பவுலே பதில் சொல்லிவிட்டார். விழுந்த இடத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டவரை நான் இங்கே ஆதரித்துப் பேசவில்லை. இன்னொன்றிலும் எனக்குச் சந்தேகமே கிடையாது. மனைவியை அடித்துவிட்டு, பிள்ளைகளைக் கொடுமைப்படுத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அழுது "இது என் போராட்டம்" என்று சொல்கிற ஆளுக்கு இந்த ஆறுதல் பொருந்தாது. அங்கே சபையின் முதல் கடமை அந்தப் பெண்ணையும் பிள்ளைகளையும் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோவது. அவருடைய மனந்திரும்புதலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆயர்களுக்கும் மூப்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்" என்று யாக்கோபு எழுதியிருப்பதை நம்பி ஒருவர் உங்களிடம் வாய் திறந்தால், அது உங்கள் வீட்டம்மாவுக்குக்கூடத் தெரியக்கூடாது. பெயரை மறைத்துப் பிரசங்கத்தில் உதாரணமாகச் சொல்வதும் வேண்டாம். ஊருக்குள் எல்லாருக்கும் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

அந்தத் தம்பியைப் போல விழுந்து, கூச்சத்தில் சபைக்கு வராமல் இருக்கிறவர்களுக்கு: இந்த ஞாயிறே வாருங்கள். சுத்தமான பிறகு வரலாம் என்று நாள் பார்க்காதீர்கள். வாயைக் கட்டிக் காப்பாற்றுகிற ஒரே ஒருவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். குடி என்றால் டாக்டரிடமும் போங்கள். ரொம்ப நாள் குடித்தவர்கள் திடீரென்று தாங்களாகவே நிறுத்தினால் வலிப்பு வரை போகலாம், அதனால் ஆஸ்பத்திரிக்குப் போவதை அவிசுவாசம் என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். குடியிலிருந்து மீண்டவர்களே நடத்துகிற ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்கள் தமிழிலும் நடக்கின்றன. கட்டணம் இல்லை. அங்கே நேற்றுக் குடித்தவரும் போய் உட்காரலாம், முழுப் பெயரைச் சொல்லவேண்டியதில்லை. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் எனக்கு இன்பாக்ஸில் எழுதுங்கள், கூட வருகிறேன்.