வாட்ஸ்அப்பில் போகும் படம் வீடு இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்குமா?

“வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால், அதை வைத்தே உங்கள் வீடு எங்கே என்று கண்டுபிடித்துவிடுவார்கள், உடனே ஆப்பை நீக்குங்கள்” என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இதில் பாதிதான் சரி.

லொகேஷன் அனுமதி கொடுத்திருந்தால், போன் கேமரா ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் பதிந்துவைக்கும். 2012 டிசம்பரில், தலைமறைவாக இருந்த ஜான் மெக்காஃபியின் படத்தை வைஸ் இதழ் இணையத்தில் போட்டது. ஐபோனில் எடுத்த அந்தப் படத்துக்குள் இருந்த தகவலே அவர் குவாத்தமாலாவில் இருப்பதை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டது. வைரஸ் தடுப்பு மென்பொருளால் பேர் வாங்கியவருக்கே இந்தக் கதி!

ஆனால் வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் படமாக அனுப்பும்போது அது சுருக்கப்படுகிறது. இடத் தகவலும் நீங்கிவிடுகிறது. ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால்தான் மூலக்கோப்பு அப்படியே, இடத் தகவலோடு போகும். மின்னஞ்சலில் இணைத்தாலும் பெரும்பாலும் அப்படித்தான்.

இதற்காக ஆப்பையே நீக்கச் சொல்வது ரொம்ப அதிகம். பின்னணியில் கதவு எண்ணோ வண்டி எண்ணோ தெரிகிறதா என்று பாருங்கள், அதை வாட்ஸ்அப் தானாக அழிக்காது. அப்புறம், கேமரா செட்டிங்ஸில் லொகேஷனை அணைத்துவிடலாம். இனி எடுக்கும் படங்களுக்குத்தான் அது உதவும். பழைய படங்களில் பதிந்தது அப்படியே இருக்கும்.