அரெக்கிப்பா வெறும் இரவுத் தங்கல் ஊர் அன்று
பெருவின் அரெக்கிப்பா கோல்கா பள்ளத்தாக்குக்குப் போகும் வழியில் ஓரிரவு தங்குவதற்கான ஊர் மட்டுமே என்றும், அங்கே கிடைப்பது தலைநகர் லிமாவின் உணவுதான் என்றும் சொல்லப்படுவது பயணத்தைத் திட்டமிடுவோரைத் தவறாக வழிநடத்தும்.

அவ்வூரின் சமையல் தனி மரபு. அதைக் காத்துவரும் 'பிக்கான்தெரியா' எனும் பாரம்பரிய உணவகங்களைப் பெரு அரசு 2014இல் நாட்டின் பண்பாட்டு மரபுச் செல்வமாக அறிவித்தது. குடைமிளகாய் போலத் தோன்றினாலும் கடுங்காரமான ரொக்கோட்டோ மிளகாயில் இறைச்சியை அடைத்து, மேலே பாலாடைக்கட்டி இட்டுச் சுடும் உணவும், ஆற்று இறால் சேர்த்த 'சூப்பே' எனும் கெட்டியான சூப்பும், முளைகட்டிய கருஞ்சோளத்தை அரைத்துக் காய்ச்சிப் புளிக்கவைக்கும் சிச்சா பானமும் அங்கே கிடைக்கும். இவை பெரும்பாலும் மதிய உணவகங்கள் என்பதால், மாலையில் வந்திறங்கி விடியலில் கிளம்புபவருக்கு இவை வாய்க்கவே வாய்க்காது. ஞாயிறு காலையில் ரொட்டியுடன் உண்ணும் 'அதோபோ' எனும் பன்றி இறைச்சிக் குழம்பும் அப்படியே.

வெண்ணிற எரிமலைக் கல்லால் எழுந்த நகர மையம் 2000இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. 1579இல் நிறுவப்பட்ட சாந்தா கத்தலினா கன்னியர் மடத்துக்கு மட்டுமே அரைநாள் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமையை உள்ளடக்கி மூன்று நாட்களாவது ஒதுக்குங்கள்.