பெண்கள் ஜெர்சிக்கு வேண்டியது தனிப் பேட்டர்ன், தனி நிறம் அல்ல

கிரிக்கெட் சீசன் நெருங்கினால் ஜெர்சி அடிக்கும் வேலை சூடுபிடித்துவிடும். கடைகளில் ‘லேடீஸ் ஜெர்சி’ என்று தொங்குவதை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஆண்கள் பேட்டர்னிலேயே, அதாவது துணி வெட்டும் அளவு வரைபடத்திலேயே, ஸ்மால் சைஸாக இருக்கும். இல்லையென்றால் கழுத்தை இறக்கி, கையை வெட்டி, ரோஸ் கலரில் மினுமினுப்பு ஒட்டியதாக இருக்கும். முதலாவது உடம்பில் நிற்காது. இரண்டாவது அந்த அணியின் உடையே இல்லை. சேப்பாக்கத்துக்கு வரும் பெண் மஞ்சளைத்தான் கேட்கிறார். அந்த மஞ்சளை அவர் உடம்புக்கு வெட்டிக் கொடுங்கள்.

ஒரு கணக்குப் போடலாம். ஒரு பெண்ணின் நெஞ்சு 36, இடுப்பு 30, சீட் (பின்புறத்தின் அகன்ற இடத்துச் சுற்றளவு) 39, தோள் 14.5 அங்குலம். நம்மூரில் சாதாரணமாகப் பார்க்கிற அளவு. ஆண்கள் மீடியம் ஜெர்சி தைத்து முடித்ததும் நெஞ்சு 40, கீழ்ச்சுற்று 40, தோள் 17.5 என்று வரும். அதை இவர் போட்டால் தோள்தையல் இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலம் சரிந்து கையில் விழும். சீட்டில் ஒரு அங்குலம்தான் தளர்வு, இடுப்பிலோ பத்து அங்குலம் காலி. உட்கார்ந்து எழுந்தால் துணி மேலேறி அந்தக் காலி இடத்தில் சுருண்டுகொள்ளும். ஸ்மால் எடுத்தால் கீழ்ச்சுற்று 38. சீட்டில் பிடிக்கும், தோள் அப்போதும் பெரிதாகவே இருக்கும். எந்த சைஸுக்கு மாறினாலும் தீராது, பேட்டர்னின் வடிவமே வேறு.

இதைவிடப் பெரிய தொல்லை ஆர்ம்ஹோல், அதாவது கை இணையும் வளைவு. ஆண்கள் பேட்டர்னில் அது ஆழமாக இறங்கியிருக்கும். அக்குளுக்குக் கீழே தையல் எவ்வளவு இறங்குகிறதோ, கையைத் தூக்கும்போது ஜெர்சி முழுவதும் அவ்வளவு மேலே போகும், வயிறு தெரியும். சிக்ஸருக்குக் கை தூக்கத்தான் இந்த உடையையே வாங்குகிறார்கள்.

மேலே சொன்ன அளவுக்கு நான் பரிந்துரைக்கும் பேட்டர்ன் இது: நெஞ்சு 39, இடுப்பு 37, கீழ்ச்சுற்று 43, தோள் 15, ஆர்ம்ஹோல் ஆழம் 8 அங்குலம், பக்கவாட்டில் 3 அங்குல ஸ்லிட். ஜீன்ஸுக்கு மேல் போட உயரம் 26 போதும். லெக்கிங்ஸுக்கு மேல் என்றால் 31 வேண்டும், கை முழங்கைக்கு அரை அங்குலம் மேலே முடியலாம். இந்த நீள மாடலைக் கேட்கும் பெண்கள் நம்மிடம் ஏராளம். முன்பாகத்தின் பக்கத் தையல் பின்பாகத்தைவிட அரை அங்குலம் நீளமாக இருக்கட்டும். அந்த அரை அங்குலத்தை மார்பு மட்டத்தில் ஓவர்லாக் மெஷினின் டிஃபரன்ஷியல் ஃபீடை (துணியைச் சுருக்கித் தள்ளும் அமைப்பு) ஏற்றி உள்ளே தள்ளித் தைத்தால், டார்ட் (மடிப்புத் தையல்) பிடிக்காமலேயே நெஞ்சில் துணி படியும். ஆனால் குறுக்குக் கோடு போட்ட டிசைனில் இப்படிச் செய்தால் முன்கோடும் பின்கோடும் பக்கத்தில் சேராது. அதற்குச் சுலபமான வழி, பக்கவாட்டில் 2 அங்குல அகலத்தில் ஒரே நிறப் பட்டை கொடுத்து, கோடுகளை அதற்கு முன்பே நிறுத்திவிடுவது.

ஸ்பான்சர் பெயர் விஷயத்தில் பலரும் சறுக்குகிறார்கள். 10 அங்குல அகலத்தில் ஒரே ஆர்ட்வொர்க் எல்லா சைஸுக்கும் போகிறது. சிறிய சைஸில் எழுத்தின் முனை ஆர்ம்ஹோல் தையலுக்குள் போய்விடும். நடு எழுத்துகள் மார்பின் மேல் விழுந்து வளையும். எழுத்தை 8 அங்குலமாகக் குறைத்து, அதன் கீழ் விளிம்பு மார்பின் உச்சிக்கு ஒரு அங்குலமாவது மேலே நிற்கும்படி வையுங்கள். படிப்பதற்கும் தெளிவு, போட்டுக்கொள்பவருக்கும் கூச்சம் இல்லை.

அடுத்து துணி. சப்ளிமேஷன் பிரிண்ட்டில் சாயம் சுமார் 200 டிகிரி செல்சியஸில் ஆவியாகிப் பாலியஸ்டர் இழைக்குள் போகிறது. பருத்தியில் பிடிக்காது. வெள்ளைத் துணியின் மேற்பரப்பில்தான் நிறம் ஏறும், இழையின் அடிப்பக்கம் வெள்ளையாகவே இருக்கும். நெஞ்சில் இறுக்கிப் பிடிக்கும் ஃபிட்டாகத் தைத்தால் துணி விரிந்து, அந்த வெள்ளை பல்லிளிக்கும். கருநீல ஜெர்சியில் மார்புப் பகுதி மட்டும் சாம்பல் பூத்ததுபோல் தெரிவது இதனால்தான். சாயம் போய்விட்டது என்று கடைக்காரரிடம் சண்டை போடுவார்கள், உண்மையில் மூன்று அங்குலத் தளர்வு கொடுக்காததுதான் காரணம். மஞ்சளில் வேறு சிக்கல். 130 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 130 கிராம் எடை) துணியில் வெளிர் நிறம் அடித்தால் வியர்த்ததும் உள்ளாடை தெரியும். பெண்கள் மாடலுக்கு 160 ஜி.எஸ்.எம். இன்டர்லாக் (இரட்டைப் பின்னல் துணி) போடுங்கள். சென்னை மே மாதத்துக்குச் சூடாக இருக்குமே என்பார்கள். முதுகின் மேல்பாதிக்கும் அக்குள் பக்கத்துக்கும் மட்டும் மெஷ் (வலைத்துணி) வைத்தால் காற்று வந்துவிடும்.

பின்பக்கத்தில் பெயர் மேலே, எண் கீழே என்பது வழக்கம். ஜடை போட்டாலும் முடியை விரித்துவிட்டாலும் பெயர் மறைந்துபோகும், எண் மட்டும் தெரியும். ஸ்மிருதி மந்தனாவின் எண் 18, கோலியின் எண்ணும் 18. இருவருமே ஆர்சிபிக்கும் இந்தியாவுக்கும் ஆடியவர்கள். ஸ்மிருதி ஜெர்சியை ஆசையாக வாங்கிப் போட்ட பெண்ணைக் கோலி ரசிகை என்றுதான் பின்னால் இருப்பவர் நினைப்பார். 2024-ல் அந்த அணிக்கு முதல் கோப்பை கொண்டுவந்தது பெண்கள் அணி, ஆண்கள் அணி ஐபிஎல் வென்றது 2025-ல். ஸ்மிருதியின் பெயர் வெளியே தெரிய வேண்டாமா? பெண்கள் மாடலில் எண்ணை மேலே ஏற்றி, பெயரை அதன் கீழே போடலாம்.

அமெரிக்காவில் ஒரு காலத்தில் ரசிகைகளுக்கென்று சந்தைக்கு வந்தது சின்ன சைஸும் ரோஸ் தொப்பியும்தான். டாட்ஜர்ஸ் அணியின் ரசிகையான நடிகை அலிசா மிலானோ 2007-ல் பேஸ்பால் லீக்கின் உரிமத்தோடு பெண்களுக்கென்று ‘டச்’ என்ற உடை வரிசையைத் தொடங்கினார். அதற்குப் பிறகும் பெரிய கம்பெனிகள் முழுதாகப் பாடம் படிக்கவில்லை. 2023 பெண்கள் கால்பந்து உலகக் கோப்பையில் இங்கிலாந்து கோல்கீப்பர் மேரி ஏர்ப்ஸ் தங்கக் கையுறை விருது வாங்கினார். அவர் அணிந்த ஜெர்சியை நைக்கி விற்பனைக்கே விடவில்லை. 1,50,000 பேருக்கு மேல் மனுவில் கையெழுத்திட்ட பிறகு கொஞ்சம் கொண்டுவந்தார்கள், உடனே தீர்ந்தது. 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் நம் பெண்கள் கிரிக்கெட் உலகக் கோப்பை வென்றார்கள். வாங்க ஆள் இல்லாததால் செய்யவில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

செலவும் காரணமாகாது. சப்ளிமேஷனில் ஸ்கிரீன் (நிறத்துக்கொரு அச்சுச் சட்டம்) கிடையாது, கம்ப்யூட்டரிலிருந்து நேராக அச்சாகிறது. கூடுதல் செலவு ஒரு பேட்டர்ன், அதன் கிரேடிங் (பேட்டர்னை ஒவ்வொரு சைஸுக்கும் மாற்றி வரைவது), இரண்டு சாம்பிள். அந்த கிரேடிங்கை எக்ஸ்எல்லோடு நிறுத்தாமல் நெஞ்சு 48 வரை கொண்டுபோங்கள். பக்கத் தையலில் செல்போன் நிற்கும் அளவுக்கு ஜிப் வைத்த பாக்கெட் ஒன்றும் வையுங்கள்.

வாங்குகிறவர்களுக்கு: போட்டுப் பார்த்து இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள். கீழ்விளிம்பு இரண்டு அங்குலத்துக்கு மேல் ஏறினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நெஞ்சுப் பக்கத் துணியை இரண்டு விரலால் இழுத்து வெள்ளை தெரிகிறதா என்று பாருங்கள். ஆன்லைனில் என்றால் சைஸ் சார்ட்டில் சீட் அளவு இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். நெஞ்சும் உயரமும் மட்டும் போட்டிருந்தால் அது பெரும்பாலும் ஆண்கள் பேட்டர்னாக இருக்கும்.