மோட்டார் சத்தம் வருது, தண்ணீர் போகலை
வாஷிங் மெஷினில் தண்ணீர் வடியவில்லை என்று கூகுளில் தேடினால் முதலில் புது மெஷின் விளம்பரம், அதற்குக் கீழே 'உங்கள் ஏரியாவில் சிறந்த மெக்கானிக்', அப்புறம் இன்னும் இரண்டு, எல்லாவற்றையும் தள்ளிக் கீழே போனால் வாஷிங் மெஷின் என்றால் என்ன, அதை யார் கண்டுபிடித்தார்கள் என்று ஆரம்பிக்கிற ஒரு கட்டுரை. யோவ், ஃபில்டர் மூடி எந்தப் பக்கம் இருக்கிறது, அதைச் சொல்லித் தொலையேன்!

இதில் வேடிக்கை, விளம்பரக் காசில் ஓடும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கம்தான் சாயும் என்று 1998லேயே கட்டுரை எழுதியவர்கள் கூகுளை உருவாக்கிய லாரி பேஜும் செர்கே பிரின்னும். 2000த்தில் அவர்களே ஆட்வேர்ட்ஸ் என்ற விளம்பரக் கடையைத் திறந்தார்கள். ஆரம்பத்திலாவது விளம்பரத்துக்குப் பின்னால் தனி நிறம் இருந்தது, பார்த்ததும் தாண்டிவிடலாம். அது சின்ன மஞ்சள் லேபிளாகி, பச்சையாகி, கடைசியில் சாதாரணக் கறுப்பு எழுத்தாகிவிட்டது. கண்ணாடி போட்டும் தெரியவில்லை.

அதனால்தான் பாதிப் பேர் கேள்விக்குப் பின்னால், சாதாரண ஆட்கள் பேசிக்கொள்ளும் தளமான 'ரெட்டிட்' பெயரைச் சேர்த்துத் தேடுகிறார்கள், மீதிப் பேர் நேராக யூடியூபுக்குப் போகிறார்கள். சரி, தேடல் முடிவுகளுக்கு மேலே கூகுள் காட்டும் ஏஐ சுருக்கமாவது நேரடியாகப் பதில் சொல்லும் என்று பார்த்தால், 2024 அக்டோபரிலேயே அமெரிக்காவில் அதற்குள்ளும் விளம்பரத்தைச் செருகிவிட்டார்கள்.