மணப்பாட்டு மணலில் பாட்டில் சில்லு

திருச்செந்தூர் கூட்டத்திலிருந்து தப்பித்தால் போதும் என்று அம்மா, பிள்ளைகள், எங்கள் இரண்டு நாய்கள் எல்லாரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பக்கத்துக் கடற்கரை ஊரான மணப்பாட்டுக்குப் போனோம். மணல்மேட்டில் திருச்சிலுவைக் கோயில், 1542இல் தென்கடற்கரைக்கு வந்த சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை, கீழே வலையைப் பிரித்துக்கொண்டிருந்த நாலைந்து பேர், அவ்வளவு அமைதி.

சரி, ஓடட்டும் என்று நாய்களை அவிழ்த்துவிட்டேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, அதில் ஒருவன், மணி, மூன்று காலில் நொண்டிக்கொண்டு வந்தான். பாதத்தின் கறுப்புச் சதைக்குள் பச்சைப் பாட்டில் சில்லு, நகம் அளவுதான், ஆனால் சுற்றிலும் மணலும் ரத்தமும் அப்பிக்கிடந்தது. தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துக் கழுவி, அம்மாவின் துண்டைக் கிழித்துக் கட்டினேன்.

அப்புறம் பார்த்தால் படகு மறைவில் உடைத்துப்போட்ட பாட்டில்கள். குடிப்பதைக் குடித்துவிட்டுப் போங்களேன், அதை ஏன் உடைக்க வேண்டும்? மீன்காரர்கள் விடியற்காலையில் வெறுங்காலோடு படகு தள்ளும் இடமய்யா அது! சின்னவள் கடல் பக்கமே போகமாட்டேன் என்று வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வந்த வழியே திரும்பினோம், எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.