அள்ளிய சரக்கைத் திருப்பிக் கேட்கலாம்

"மாநகராட்சி வண்டியில் ஏறிய சரக்கு போனது போனதுதான், சாலையோர வியாபாரி திருப்பிக் கேட்க முடியாது" என்று பலரும் பகிர்கிறார்கள். அப்படி இல்லைங்க. 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டத்தில் 19ஆவது பிரிவு இதற்கென்றே இருக்கிறது. எடுத்த பொருள்களைப் பட்டியல் போட்டு, கையெழுத்திட்ட நகலை வியாபாரியிடம் கொடுக்க வேண்டும். அவர் கேட்டால் கீரை, பூ, தக்காளி மாதிரி அழுகும் சரக்கை அன்றே தர வேண்டும். மற்றவற்றை 2 வேலை நாளுக்குள். சும்மா இல்லை, கட்டணம் உண்டு. ஒரு கை தராசிலும் ஒரு கண் தெருமுனையிலுமாக நிற்பவரின் பதற்றத்தை இப்படிப்பட்ட தவறான தகவல் இன்னும் கூட்டுகிறது. சந்தேகமா? அரசின் 'இந்தியா கோட்' தளத்தில் இந்தச் சட்டத்தைத் தேடி எடுத்து, நேரே 19ஆவது பிரிவுக்குப் போங்கள். அரைப் பக்கம்கூட வராது.